முதல் தேதி எடை

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் கூட்டமில்லை. நான் நலம் என்று எழுதிவிட்டு அங்கே நீங்களும் பாப்பாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்க மனம் வரவில்லை. சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா, அதை மட்டும் எழுதுங்கள்.

போனில் பேசலாம்தான். நேற்று பேசினோமே, நீங்கள் ஒரு 'ம்', நான் ஒரு 'ம்', மூன்று நிமிடம் ஓடிப்போனது. காகிதத்தில் அப்படி 'ம்' போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அண்ணன் கடைசியாக அறுத்த முண்டு உங்கள் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அன்றைக்குக் கீழே நின்று கயிறு பிடித்த கூட்டாளிதான் அதை வண்டியில் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டுப் போனாராம். முண்டு என்றால் என்ன சித்தப்பா என்று பாப்பா கேட்டாள். நான் எதையோ பார்ப்பதுபோல இருந்துவிட்டேன். நீங்கள் சொல்லிவிடுங்கள். மரத்தின் உடம்பில் கட்டி மாதிரிப் புடைத்து வளர்வது. மற்ற இடங்களில் நார் நேராக ஓடும், முண்டுக்குள்ளே சுருண்டு சுருண்டு கண் கண்ணாக இருக்கும். கடைசல் மெஷினில் கொடுத்துக் கிண்ணமாகக் கடைந்தால் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வரும். சித்தப்பா பிழைப்பு ஓடுவதே அதில்தான் என்றும் சொல்லுங்கள்.

அறுத்துப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. பச்சை மரத்தின் ஈரம் அறுத்த முகத்தின் வழியாகத்தான் வேகமாக ஓடும். அப்படி ஓடினால் வெளிப்பக்கம் சுருங்கும், உள்பக்கம் சுருங்காது, நடுவில் பிளந்துகொள்ளும். ஆகவே தயவுசெய்து இந்த வாரமே மெழுகை உருக்கி அறுத்த முகத்தில் மட்டும் இரண்டு தடவை பூசுங்கள். பட்டையைத் தொட வேண்டாம், அது இயற்கை கொடுத்த சட்டை. தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் வையுங்கள். வெயிலும் நேர்க்காற்றும் ஆகாது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எடை போட்டு எனக்கு எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே வரும். எப்போது இறங்காமல் நிற்கிறதோ அப்போது மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

அண்ணன் கை பட்ட கடைசி மரம். அது வெடித்துப் பாழாகிவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஒன்று கேட்கவா? எதற்காக அந்த மரத்தில் ஏறுகிறேன் என்று உங்களிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு என் அன்பு.

உங்கள் தம்பி

---

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. சாப்பிடுகிறோம். தூங்குகிறோம். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். நான் பார்சல் ஆபீசுக்குப் போகிறேன். கவுண்டருக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். பெட்டியைக்கூட மெதுவாக வைக்கிறார்கள். பழையபடி தொப்பென்று வைத்தால் தேவலை.

முண்டு விஷயம். நீங்கள் சொன்னபடி செய்தாயிற்று. மெழுகை உருக்கி அறுத்த முகத்தில் மட்டும் இரண்டு தடவை பூசியாயிற்று. பட்டையைத் தொடவில்லை. இரண்டு கட்டைகளின் மேல் இருக்கிறது. வெயிலும் நேர்க்காற்றும் படாது. எடை 31 கிலோ. எடை போடுவதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

எதற்காக ஏறினார் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அண்ணன் ஏறாத மரம் எது? கல்யாணத்தன்றே பந்தல்காரர் கட்டிய மூங்கிலில் பாதி தூரம் ஏறி, முடிச்சு சரியில்லை என்று இறங்கி வந்தவர்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தனியாக இருக்கிறவர்.

அண்ணி

---

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்களும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

மெழுகு பூசியாயிற்று என்று படித்ததும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. கண்ணும் கருத்துமாகச் செய்திருக்கிறீர்கள். இனி இரண்டு விஷயம்தான். முண்டுக்குக் கீழே தரையில் மாவு மாதிரி தூள் விழுந்திருந்தால் பூச்சி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், உடனே எழுதுங்கள். பட்டையில் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்தால் பயப்பட வேண்டாம், காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

என் பட்டறையில் கிண்ண வேலை ஏதும் இல்லை. கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பம், இவற்றைத்தான் கடைகிறேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே வளைவு. யோசிக்காமல் கை பாட்டுக்குச் செய்கிறது. அது நல்லதாகத்தான் இருக்கிறது. வரவேற்பு மேசைக்குப் பெரிய கிண்ணம் கேட்டிருந்த ஹோட்டல்காரரும் வேறு யாரிடமோ கண்ணாடியில் வாங்கிக்கொண்டாராம்.

ஏப்ரல் முதல் தேதி எடை எவ்வளவு? மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தம்பி

---

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. கணக்கில் சுமார் என்கிறாள். கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் முதல் தேதி 30 கிலோ. மே முதல் தேதி 29 கிலோ. மாவும் இல்லை, பூஞ்சணமும் இல்லை.

மில் வளாகத்து மரத்தைப் போன வாரம் சாய்த்துவிட்டார்கள். அந்த மரத்தைத்தான் சொல்கிறேன். நான் ஆபீசுக்குப் போகிற வழிதானே. காலையில் போகும்போது நின்றது, சாயங்காலம் வரும்போது படுத்திருந்தது. பெரிய மெஷின் வைத்து வேரோடு தள்ளினார்களாம். யாரும் ஏற வேண்டியிருக்கவில்லை. முண்டு இருந்த இடத்தில் தட்டு அகலத்துக்கு வெளுத்த வட்டம் ஒன்று தெரிந்தது. பஸ் நிற்கவில்லை, நானும் இறங்கவில்லை.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து பாப்பாவின் சீருடையை இஸ்திரி போட்டேன். பள்ளிக்கூடம் லீவு என்பது போட்டு முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி

---

ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைக்கு மேல் வேலை என்று எழுதலாம், அது பொய். ஐந்தாறு தடவை எழுத உட்கார்ந்தேன். தேதியை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். இந்தத் தாளின் தலையில் நான்கு தேதிகளை அடித்திருப்பது தெரியும்.

மரத்தைச் சாய்த்ததாக எழுதியிருந்தீர்கள். சரி.

ஜூன் எடையையும் ஜூலை எடையையும் சேர்த்தே எழுதுங்கள். பாப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி

---

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் இரண்டு பேர்.

ஜூன் முதல் தேதி 28. ஜூலை முதல் தேதி 27.

பக்கத்து வீட்டுக்காரர், கொட்டகை சும்மாதானே இருக்கிறது, என் ஸ்கூட்டரை விட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். உள்ளே மரம் காய்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்றேன். மரத்துக்கு என்னம்மா தொந்தரவு என்று சிரித்தார். எங்கள் வீட்டில் மரத்துக்குத்தான் முதல் மரியாதை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாப்பா ஒரு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். கதவு நிலையில் கோடு போட்டு அளப்பது அவர் வேலை. இந்தத் தடவை அவளே கோடு போட்டுக்கொண்டாள். கோணலாக இருக்கிறது.

அண்ணி

---

ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். கோபித்துக்கொண்டாலும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

அண்ணி, மரம் அப்படி இறங்காது.

31, 30, 29, 28, 27. ஐந்து எண்களையும் மெஷினுக்கு மேலே சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். பச்சை முண்டு முதல் மாதம் மளமளவென்று இறங்கும். எவ்வளவு மெழுகு பூசினாலும் இரண்டு கிலோவாவது போகும். அடுத்த மாதம் அதைவிடக் குறைவு, அதற்கடுத்த மாதம் இன்னும் குறைவு. போகப் போகக் கஞ்சத்தனமாகத்தான் விடும். மாதம் ஒரு கிலோ என்று எந்த மரமும் மணியடித்தாற்போல இறங்கியதில்லை. எந்த மாதமும் முழுக் கிலோவில் வந்து நிற்பதும் இல்லை. பார்சலுக்கு ஐம்பது கிராம் கூடினாலும் விடாதவர் நீங்கள். உங்கள் கணக்கில் கிராமே இல்லை. மெழுகு பூசியதைக்கூட என் வாக்கியத்தையே திருப்பி எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் கொட்டகையைத் திறக்கவே இல்லை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. அங்கே வந்த மூன்றாம் நாளே மெழுகு வாங்கிப் பையில் போட்டு வைத்தேன். இரண்டு வாரம் உங்கள் வீட்டில் இருந்தேன். கொட்டகைக்கும் எனக்கும் பத்தடி தூரம். மெழுகு பையிலேயே திரும்பி வந்தது. நான் செய்ய முடியாததைத்தான் உங்களைச் செய்யச் சொல்லி எழுதினேன்.

ஏன் முடியவில்லை என்பதை இப்போது பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். அந்த முண்டைக் கேட்டது நான்.

ஜனவரியில் வந்திருந்தபோது மில் வளாகத்து மரத்தில் அதைப் பார்த்தேன். ஏப்ரலில் மரத்தையே சாய்க்கப் போகிறார்கள், கீழே விழுந்ததும் எடுத்து அனுப்புகிறேன் என்று அண்ணன் சொன்னார். நானும் சரி என்றுதான் வந்தேன். அதற்குள் ஹோட்டல்காரர் அவசரப்படுத்தினார். ஏப்ரல் வரை காத்திருக்க முடியாது, முடிந்தால் இந்த வாரமே ஏறி அறுத்துக் கொடுங்கள் என்று அண்ணனுக்கு எழுதினேன். அது அவர் கையில் கிடைத்து இரண்டு நாளில் இது நடந்தது. முண்டு கயிற்றில் பத்திரமாக இறங்கிவிட்டதாம். பிறகு அவர் இறங்கும்போதுதான் கால் வழுக்கியது என்று கூட்டாளி சொன்னார். ஒரு ஹோட்டல் மேசைக்கு, அண்ணி. அந்த ஹோட்டல்காரரும் கண்ணாடிக் கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கடிதம் உங்கள் கண்ணில் பட்டிருக்குமோ என்று அங்கே இருந்த நாளெல்லாம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டு தப்பித்துவந்தேன். முண்டாவது உருப்படியாக இருக்கட்டும் என்றுதான் மெழுகு, எடை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உங்கள் தம்பி

---

ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணிக்கு,

போன மாதம் எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததா? நலமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதச் சொல்லி பாப்பாவிடமாவது சொல்லுங்கள்.

உங்கள் தம்பி

---

செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நலம்தான். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு நீங்கள் காரணம் இல்லை.

கொட்டகையை நான் திறக்கவில்லை என்பது நிஜம். முப்பது கிலோ இருக்கும் என்று தூக்கி வந்த கூட்டாளி சொன்னார். முப்பது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள் என்று ஒன்றைக் கூட்டிக்கொண்டேன். ஆபீசில் யாராவது இப்படிக் கதை விட்டால் ரசீதைக் கிழித்துப்போடுவேன். உங்களிடம் சுலபமாக வந்தது.

உங்கள் கடிதம் என் கண்ணில் பட்டதா என்று பயந்தீர்கள். தம்பி, அதை அவருக்குப் படித்துக் காட்டியதே நான்தான். அவருடைய மூக்குக் கண்ணாடி ஒரு கால் உடைந்து கடையில் கிடந்தது. கேட்டது நீங்கள் என்று எனக்கு அன்றிலிருந்தே தெரியும்.

படித்து முடித்ததும் அவர், "மரத்தை எப்படியும் சாய்க்கத்தான் போறாங்க. அதுக்குள்ள என்ன அவசரம் இவனுக்கு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அது வெள்ளிக்கிழமை. பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. நான் சும்மா இருந்திருந்தால் மே மாதம்தான் உங்களுக்கு முண்டு வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடு அறையில் தலையணையைப் போட்டு, காலை நீட்டிப் படுத்திருந்தார். நான் வாளியும் துணியுமாக நிற்கிறேன். இந்தப் பக்கம் துடைத்தால் அந்தப் பக்கம் உருளுகிறார். விளையாட்டுதான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"தம்பி வாய்விட்டுக் கேட்டிருக்காரு. இப்படிப் படுத்துக் கிடக்கிறதுக்குப் போய் அறுத்துக் குடுத்துட்டு வாங்க. நீங்க எழுந்தாத்தான் நான் வீட்டைத் துடைக்க முடியும்."

எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டே, "நான் மரத்து மேல இருந்தாத்தான் உனக்கு நிம்மதி. தரை காஞ்சதும் வந்துடறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் போனார். நான் சிரிக்கவில்லை.

இரண்டு அறையும் துடைத்தேன். நடு அறையில் கொஞ்சம் ஈரம் நின்றது, அது காய நேரமாகும். அது காய்வதற்குள் கூட்டாளி வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றேன். ஈரத்தில் கால் வைக்கத் தயங்கி, அங்கேயே நின்றபடி சொன்னார்.

அந்த அறையை அதற்குப் பிறகு நான் துடைக்கவில்லை. பெருக்குவதோடு சரி. பாப்பா இரண்டு தடவை வாளியை எடுத்தாள், வாங்கி வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டீர்கள். நான் அனுப்பினேன். அவர் போனார். இதில் யார் பங்கு எவ்வளவு என்று ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. அழுகையும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் மாதிரி இருக்குமே, நாள் முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

நேற்று கொட்டகையைத் திறந்தேன். பூட்டு பிடித்துக்கொண்டது, எண்ணெய் விட்டுத் திறந்தேன். முண்டு கதவுக்கு நேரே தரையில் கிடந்தது. கயிறு இன்னும் அதைச் சுற்றியே இருந்தது. அறுத்த முகம் பழுப்பேறிவிட்டது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. வெடிப்பில் என் சுண்டுவிரல் நுழைகிறது. ஆபீசிலிருந்து பழைய தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து போட்டேன். 20 கிலோ 350. இது நிஜம். மெழுகும் பூசினேன். இப்போது பூசி என்ன பிரயோஜனம் என்று நீங்கள் சொல்லலாம். கட்டைகளின் மேல் தூக்கி வைத்தேன். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை, அது அவர் போட்ட முடிச்சு.

உங்கள் மரத்தைப் பாழாக்கிவிட்டேன்.

அண்ணி

---

செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று நான்கு தாள் கிழித்தேன். எழுதியதையெல்லாம் படித்தால் துக்கம் விசாரிக்க வந்தவர் பேசுவது மாதிரியே இருந்தது. ஆகவே தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மரம் பாழாகவில்லை. ஏழு மாதம் மெழுகில்லாமல் கிடந்த முண்டு நாலாகப் பிளந்திருக்க வேண்டும். நார் சுருண்டு கிடப்பதால் வெடிப்பு ஓட வழியில்லாமல் ஒரு சாணோடு நின்றிருக்கிறது. தாமதமாகப் பூசினாலும் மெழுகுக்குப் பயன் உண்டு. வெடிப்பின் நுனியில் தண்ணீர் மாதிரி இருக்கும் பசை கடையில் கிடைக்கும், இரண்டு சொட்டு விடுங்கள். வெடிப்பு மேற்கொண்டு ஓடாது. கயிறு இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. படித்துவிட்டு உளியைப் பிடித்தபடியே நின்றதில் கட்டில் கால் ஒன்று தேய்ந்து தேய்ந்து விரல் பருமனாகிவிட்டது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை அண்ணி. என் மேல் உங்களுக்கு இருந்தால் சொல்லிவிடுங்கள், அது எனக்குச் சௌகரியம்.

காய்ந்த பிறகு அதை என்ன செய்வது? நான் வந்து எடுத்துக்கொண்டு போகட்டுமா, அங்கேயே இருக்கட்டுமா, விறகாக்கிவிடலாமா? நீங்கள் சொல்வதுதான் முடிவு.

உங்கள் தம்பி

---

டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பாப்பாவுக்குச் சளி, இருமல். மருந்து கொடுத்திருக்கிறேன். இங்கே ஒரு மாதமாக மழை விடவில்லை. துணி காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டியிருக்கிறேன். குனிந்து குனிந்துதான் நடமாட்டம்.

கோபம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருந்தது. மார்ச்சில் நீங்கள் மெழுகு, பட்டை, கட்டை என்று பக்கம் பக்கமாக எழுதியபோது நிறைய இருந்தது. கேட்டது தான்தான் என்று ஒரு வரி எழுதாமல் இத்தனை விவரமா என்று இருந்தது. அந்தக் கோபத்தில்தான் பொய் எடையைத் தயங்காமல் எழுதினேன். இப்போது எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. அதை எடை போட்டுப் பார்க்கவில்லை.

முண்டை என்ன செய்வது என்பதை எடை நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

அக்டோபர் முதல் தேதி 19 கிலோ 900. நவம்பர் முதல் தேதி 19 கிலோ 700. டிசம்பர் முதல் தேதி 19 கிலோ 850. எழுதத் தயக்கமாக இருக்கிறது. கூடியிருக்கிறது தம்பி. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். தராசில் குறையோ என்று ஐந்து கிலோப் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், அது சரியாகத்தான் காட்டுகிறது. பாப்பாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவளும் 850 என்றுதான் சொல்கிறாள். கூரையிலிருந்து ஒழுகவும் இல்லை. போன தடவை மாதிரி கதை விடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். குறைத்து எழுதிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். வேண்டாம் என்று உள்ளதை எழுதிவிட்டேன்.

நான் எங்கே தப்பு செய்தேன் என்று எழுதுங்கள்.

அண்ணி

---

டிசம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பாப்பாவுக்கு இருமல் விட்டதா?

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் குடிக்கும். காய்ந்து முடியப் போகிற மரம்தான் இந்த வேலையைச் செய்யும். காற்றில் ஈரம் ஏறினால் நூறு, இருநூறு கிராம் ஏறும், வெயில் வந்தால் இறங்கும். இத்தனை வருடம் மரத்தோடு கிடக்கிற எனக்குத் தெரியும், எழுதவேண்டும் என்று தோன்றாமல் விட்டுவிட்டேன். இட்டுக்கட்டி எழுதுகிறவர் யாரும் எடையைக் கூட்டி எழுதமாட்டார் அண்ணி. அந்த 850ஐப் படித்ததும், மூன்று தடவை இறக்கி ஏற்றினேன் என்று படித்ததும், மெஷினை நிறுத்தினேன். நீங்கள் அந்தக் கொட்டகைக்குள் நிற்பது எனக்குத் தெரிந்தது. அண்ணன் போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது. நின்று அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

சுவரில் இருந்த பழைய ஐந்து எண்களை அழித்துவிட்டேன். இப்போது நான்குதான் இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி புறப்பட்டு வருகிறேன். முதல் தேதி எடை போடும்போது கூட இருக்க வேண்டும். உளி, மெஷின் சாமான் எதுவும் கொண்டுவரமாட்டேன், வெறுங்கையோடு வருகிறேன். முண்டைத் தராசில் தூக்கி வைக்க ஒரு ஆள் ஆயிற்று.

இன்னொன்று. நான் வரும்வரை நடு அறை இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும். வந்ததும் அங்கேதான் தலையணையைப் போட்டுக் காலை நீட்டிப் படுப்பேன். நீங்கள் வாளியை எடுத்துக்கொண்டு வந்து, எழுந்திருங்கள் தம்பி, வீட்டைத் துடைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நான் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுகிறேன்.

தரை காய்ந்ததும் வந்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி